ஏரி மிருகத்தின் இடது கை

"கட்! கட்! யோவ், அந்த இடது கையை எடுய்யா!"

கரையில் நின்ற இயக்குநர் மைக்கைத் தூக்கி எறியாத குறைதான்.

கதைப்படி, ஏரிக்குள்ளிருந்து வரும் மிருகம் ஊரையே கதிகலங்க வைக்க வேண்டும். தயாரிப்பாளரின் தாராளத்துக்குக் கிடைத்ததோ, ரப்பரையும் பஞ்சையும் ஒரு ஸ்கூட்டர் ஹெல்மெட்டையும் சேர்த்துத் தைத்த உடை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அதற்குள் புகுந்து வேக ஒப்புக்கொண்டார். நல்ல உயரம். யூனிட்டில் அவருக்குப் பெயர் 'மிருகக்காரர்'.

மிருகத்துக்குக் கழுத்தளவு, கதாநாயகிக்குக் கால் எட்டாத ஆழம். வலது கையால் அவள் தலைமுடியைப் பிடித்து, இடது கையின் நகங்களை விரித்து உயர்த்தி, உள்ளே இழுத்துப் போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

வலது கை சொன்னபடி கேட்டது. இடது கை மட்டும் தண்ணீருக்கு அடியில் அவள் இடுப்பை விட்டு வரவே இல்லை.

"இது கொலைகார மிருகமா, குழந்தையைக் குளிப்பாட்டுற ஆயாவா?"

யூனிட் சிரித்தது. அடுத்த டேக்கிலும் கை அங்கேயே இருந்தது. அதற்கடுத்த டேக்கிலும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கேமராமேன் இயக்குநரின் காதைக் கடித்தார். "எனக்கென்னமோ இது நடிப்பாத் தெரியலை. மகள் வயசுப் பொண்ணு. வெட்கமா இல்லை இந்த ஆளுக்கு?"

இயக்குநர் கதாநாயகியைத் தனியே கூப்பிட்டார். புதுப்பெண், முதல் படம்.

"பயப்படாம சொல்லும்மா. அந்த ஆளு தப்பா நடந்துக்கிறானா?"

அவள் துண்டின் நுனியைத் திருகியபடி தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அது போதாதா?

"கழட்டுய்யா டிரெஸ்ஸை! இனிமே இந்தப் பக்கம் உன் தலையே தெரியக்கூடாது!"

மிருகக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ரப்பர் உராய்ந்து கன்னமெல்லாம் தடித்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, அத்தனை பேரும் முறைத்துப் பார்க்க, தலை குனிந்து நடந்தார்.

மறுநாள் காலை அதே உடைக்குள் ஒரு ஸ்டண்ட் ஆள். இடது கை ஜோராக உயர்ந்தது. கதாநாயகி அலறினாள், கை காலை உதறினாள், மூழ்கினாள்.

"பிரமாதம்! இதுதான்யா நடிப்பு!" இயக்குநர் கை தட்டினார்.

அவள் மேலே வரவில்லை.

பாதுகாப்புக்கு நின்ற படகுக்காரர் குதித்து இழுத்து வந்து கரையில் போட்டார். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு அவள் அழுதாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

"ஆடிஷன்ல மீன் மாதிரி நீந்துவேன்னியே!"

வாய்ப்புக் கேட்டு வருபவர்கள் இந்தத் தொழிலில் எதையும் தெரியாது என்று சொல்வதில்லை. குதிரையா, தெரியும். கத்திச்சண்டையா, தெரியும்.

"அவர்கிட்ட மட்டும்தான் சார் சொன்னேன். 'நான் பிடிச்சுக்கிறேன், பயப்படாதம்மா'ன்னார். அந்தக் கைதான் என்னைத் தாங்கிட்டிருந்துச்சு. நேத்து நீங்க கேட்டப்ப, உண்மையைச் சொன்னா சான்ஸ் போயிடுமேன்னு..."

இயக்குநருக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. அன்று மாலையே மிருகக்காரரின் வீட்டைத் தேடிப் போனார்.

கன்னத்தில் களிம்போடு அவர் கதவைத் திறந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. நாளைக்கே நீங்க வந்துடணும்."

"பரவாயில்லை சார். உள்ளே வாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அந்தப் பொண்ணை அனுப்பிடுவீங்க. எவ்வளவோ படியேறி இறங்கிக் கிடைச்ச படம்னு அழுதுச்சு சார். இப்ப எப்படி இருக்கு? தைரியமா நடிக்குதா?"

இயக்குநர் தரையைப் பார்த்தார்.

"அவளை மத்தியானமே அனுப்பிட்டேன். நீச்சல் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு நாளைக்கு வருது."

மிருகக்காரர் கன்னத்துக் களிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, நான் வாங்கிக்கிட்ட கெட்ட பேரும் வீணாப் போச்சா சார்?"