டிஷ்யூ வைத்த மேசை

"அம்மா, அநியாயம்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள் ஆறு வயது ரக்ஷனா.

கேட்காமல் என்ன செய்வாள்? பஸ் தாமதமானால் அநியாயம், மழை பெய்தால் அநியாயம் என்று அம்மா மீனலோசனியின் வாயில் அந்தச் சொல் ஓய்ந்ததே இல்லை.

தேக்கா உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருந்த மேசைக்கு, இருவரும் பிரியாணியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே கைத்தடியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, இதுதான் அநியாயம்!" என்ற மீனலோசனி அவரிடம் திரும்பினாள். "ஐயா, டிஷ்யூ வச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? எங்க இடம் லா இது!"

பெரியவர் டிஷ்யூவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "உக்காருங்கம்மா, பிள்ளைக்குப் பசிக்கும்" என்று தட்டோடு எழுந்து, பக்கத்து மேசை ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்.

மீனலோசனி வெற்றியோடு முதல் வாய் வைத்தாள்.

"அம்மா, நம்ம டிஷ்யூல நான் பூனை வரைஞ்சேனே, இதுல காணோம்."

"பேசாம சாப்பிடு."

"அது அந்தத் தாத்தா மேசையில இருக்கு. அவர் அதைத் தொடவே இல்ல. அதை வச்சவங்க வந்தா எழுந்துடுறேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறார்."

மீனலோசனி கரண்டியைக் கீழே வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் அவரை மறுபடியும் எழுப்புவதா? மன்னிப்புக் கேட்கவும் நாக்கு எழவில்லை.

சாப்பிட்டு முடித்த பெரியவர் தடியை ஊன்றிக் கை கழுவப் போனார். ரக்ஷனாவும் பின்னால் ஓடினாள். மீனலோசனி சட்டென்று எழுந்து, அவருடைய எச்சில் தட்டை, சாப்பிட்டவரே கொண்டுபோய் வைக்க வேண்டிய கோடித் தட்டு அடுக்கில் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பிவந்த பெரியவர் காலி மேசையைப் பார்த்து, "முருகா, யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றார்.

மீனலோசனி தலையை நிமிர்த்தவே இல்லை.