கவிழ்த்த வள்ளத்துக்குள்

என் மனைவி பெனிட்டா இறந்த இருபத்துமூன்றாம் நாள், எங்கள் பழைய ப்ளைவுட் வள்ளத்தைக் கடற்கரையில் கவிழ்த்து, அதற்குள் நுழைந்து உட்கார்ந்தேன். இன்னொரு மழையில் நனைந்தால் பலகை அடுக்கடுக்காக உரிந்துவிடும், பிறகு விறகுதான். நடுப்பகலில் ஓட்டைகள் வெயில் புள்ளிகளாகத் தெரியும். உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றிலும் தென்னை ஈர்க்கைச் செருக வேண்டும். வெளியே நிற்பவர், அடைக்க வேண்டிய இடம் தெரிய, அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். வெளியே நிற்பது எப்போதும் அவள்தான். அன்று யாருமில்லை. இருந்தும் செருகினேன்.

மாமியாரின் குரல் வந்தது. "எம்மவளுக்கு முப்பதாம் நாள் பூசை முடியல்ல. அதுக்குள்ள ஒமக்கு வள்ளம் கேக்குதோ? எம்.ஏ. படிச்சீரே, துக்கம் காக்க மட்டும் படிக்கல்லியாக்கும்?"

இருபத்திரண்டு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. எழுந்து ஓர் ஈர்க்கைத் தொட்டதும் குற்றமாகிவிட்டது. உள்ளங்கையால் பலகையை அறைந்தேன்.

"ஏசத்தான் வந்தீங்கண்ணா போங்க மாமி. இல்லண்ணா கீழ சாக்பீஸ் கெடக்கு, எடுங்க."

அவர் போகவில்லை. ஏச்சும் நிற்கவில்லை. "குழி மண்ணு காயல்ல... வெக்கங்கெட்ட மனுசன்..." என்ற சொற்களுக்கு நடுவே பலகையில் சாக்பீஸ் உரசியது. நான் செருகச் செருக அந்தச் சத்தம் என் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டே வந்தது. பிறகு எல்லாம் அடங்கியது. வெயில் விழாத பக்கத்தில், என் தோளுக்கருகே, என் கண்ணில் படாத ஓர் ஓட்டை வழியாக, வெளியிலிருந்து ஓர் ஈர்க்கு உள்ளே வந்தது.