கூப்பிட்ட கை

பாண்டிசெல்வி மெஸ்ஸின் வாசலில், காலை வெயிலில், இளஞ்சிவப்பு மூக்கோடு வெள்ளை வெளேரென்று நிற்கிறது விமலின் ராஜபாளையம் நாய். ஊர்ப் பேரையே சுமக்கிற இனம். ஊர்க் கடைக்குள் நுழைய மட்டும் அனுமதி இல்லை. உள்ளே இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி பறக்கிறது. விமல் தோசையைப் பிய்த்துக்கொண்டே வாசலைப் பார்க்கிறான். "சாப்பிடுத எடத்துல நாயா?" என்று பக்கத்து மேசைக்காரர் கால்களைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொள்கிறார். கரண்டியும் கையுமாக வருகிற பாண்டிசெல்வி, "ஏய், போ அங்கிட்டு" என்று அதட்டுகிறாள். நாய் அசையவில்லை. "பொறந்ததுலேர்ந்தே அதுக்குக் காது கேக்காதுக்கா. கையால சொன்னாத்தான் தெரியும்" என்கிறான் விமல். அவள் மாவு ஒட்டிய கையை நீட்டி, விரல்களை மேலும் கீழுமாக வீசி விரட்டுகிறாள். விமல் அதை "வா" என்று கூப்பிட வீசுவதும் அப்படித்தான். நாயின் வால் ஒருமுறை சுழல்கிறது. படியேறி, மேசைகளுக்கு நடுவே பதவிசாக நடந்து வந்து, பாண்டிசெல்வியின் காலடியில் படுத்து, அவள் பாதத்தின் மேல் தாடையை வைக்கிறது. அவளுக்குக் கால் கூசுகிறது, ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேசைக்காரர் வாயைத் திறக்கிறார். "நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி" என்கிறாள். "அத நாந்தான் கூப்பிட்டேன்."