பேஸ்மென்ட்டில் கேஸ் வண்டிக்கு இடமில்லை

இன்றைக்கு அந்த வெள்ளை மாருதி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கி உள்ளே விட்டுவிடுவது என்று, சாயந்திரம் ஐந்து மணியிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சூப்பர்வைசர் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரிக்கு அடியில் இருக்கிற பார்க்கிங்குக்கு நான்தான் காவல். கேஸில் ஓடுகிற காரை இதற்குள் விடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பாடம் எடுத்தார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, பள்ளத்தில் வந்து தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். மேலே நாலு மாடி நிறைய நோயாளிகள். சட்டம் சரிதான். நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை.

முதல் நாள் "கேஸ் வண்டிங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பொய் சொல்லத் தெரியாத மனுசன், டிக்கியை வேறு திறந்து காட்டினார். உள்ளே முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டு சிலிண்டர்.

ஆறுச்சாமி என்று பேர். கிணத்துக்கடவுப் பக்கம் கொஞ்சம் தோட்டம், இரண்டு கறவை மாடு. மூன்றாவது மாடி ஐசியூவில் அவர் சம்சாரம் செல்லாத்தாள். பதினெட்டு நாளாகக் கண் திறக்கவில்லை.

ராத்திரியும் பகலும் இவர் கீழே ஹால் நாற்காலியிலேயே கிடப்பார். மத்தியானம் ஒரு மணிக்கு ஊருக்குப் போய், மாட்டைக் கறந்து பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, ஆறு மணிக்குள் அடித்துப் பிடித்து வந்துவிடுவார். ஆறிலிருந்து ஆறரை வரைக்கும்தான் ஐசியூவுக்குள் விடுவார்கள். ஒரு நாளைக்கு அந்த அரை மணி நேரம்தான்.

அதில் பாதியை நான் தின்றேன்.

என்னிடம் வந்து திரும்பி, பாலத்துக்கு அந்தப் பக்கம் காலி சைட்டில் வண்டியைப் போட்டுவிட்டு, மூட்டு வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வந்து சேர ஆறேகால் ஆகிவிடும். நேராக அங்கேயே போகலாம் அல்லவா? போக மாட்டார். "இன்னைக்காச்சும் உடுவீங்களான்னு பாத்தேனுங்க தம்பி" என்பார். நான் தலையை ஆட்டுவேன். முகம் சுளிக்காமல் வண்டியைத் திருப்புவார்.

கண் திறக்காத ஆளிடம் என்னதான் பேசுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். எந்த மாடு எத்தனை லிட்டர் கறந்தது என்று சொல்வாராம்.

முந்தாநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, தினமும் தலையை ஆட்ட வேண்டியிருக்கிறதே என்று. "அந்த சனியனைக் கழட்டி எறிஞ்சா என்னங்கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் கோபப்படவில்லை. பெட்ரோலில் ஆகிற செலவில் பாதிதான் ஆகும், இன்ஜின் சத்தமே வராது, ஆயில் சீக்கிரம் கருக்காது என்று நிதானமாகச் சொன்னார். செல்லாத்தாளுக்குப் பெட்ரோல் வாடை ஆகாதாம். அவிநாசி போவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பாராம். அதற்காகத்தான் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் கேஸுக்கு மாற்றினாராம்.

குறையையும் அவரே சொன்னார். டிக்கி போச்சு. மேட்டில் இழுக்காது. காலையில் முதலில் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும். கேஸ் போடுகிற பங்க்கும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். "மத்தபடி தங்கமான வண்டிங்க" என்றார். நான் மறிப்பதை அந்தக் குறைகளில் அவர் சேர்க்கவே இல்லை. அவ்வளவு மரியாதை.

இன்றைக்கு ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி வந்தது. கட்டையைத் தூக்கினேன்.

அவர் உள்ளே போகவில்லை. இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். இத்தனை நாளில் அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"பாருங்க தம்பி. காலைல ஒம்பது மணிக்கே பட்டறைக்குக் கொண்டுபோயிக் கழட்டிப்போட்டேனுங்க. பொழுதே போயிருச்சு. மாட்டக்கூடப் பக்கத்துத் தோட்டத்துலதான் கறக்கச் சொன்னேன். கண்ணாடில இருந்த கேஸ் ஸ்டிக்கரையும் சுரண்டிப்போட்டேன். இனி உங்களுக்கும் பேச்சு வராதுங்க."

சிலிண்டர் இருந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார். நாலு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"அவளுக்குத்தான் வாடை ஆகாது. ஊட்டுக்குக் கூட்டிப்போறப்பக் கண்ணாடிய எறக்கி உட்டுக்கறேன். இன்னைக்கு அரை மணி நேரமும் முழுசா இருப்பேனுங்க" என்றார்.

போங்கண்ணா, லிஃப்ட் நேராக இருக்கிறது என்று கையைக் காட்டினேன். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கீழே இறங்கினார்.

இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே மைக்கில் கூப்பிட்டது என் வாசல் வரைக்கும் கேட்டது. செல்லாத்தாள் அட்டெண்டர் உடனே ஐசியூவுக்கு வரவும். மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஹாலில் அவர் இல்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

ஒரு மணிக்கு நர்ஸ் இறங்கி வந்து என்னிடம் சொன்னார். அந்த கேஸ் வண்டிக்காரர் வந்தால் நிறுத்தாமல் விடுங்கள், அந்தம்மா போய்விட்டார், டாக்டரே அவரிடம் சொல்லிக்கொள்வார், நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

மூன்று தடவை கூப்பிட்டதே அதற்குத்தானா என்று கேட்டேன்.

இல்லையாம். அப்போது அந்தம்மா கண் திறந்திருந்தாராம். பத்து நிமிஷம் போல, கதவையே பார்த்துக்கொண்டு.