எண்பது வேகத்தில் ஒரு பாட்டு

லிஃப்ட் மெக்கானிக் இன்றைக்கும் காலால் தரையைத் தட்டிக்கொண்டுதான் வாசித்திருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, இயர்போனில் அதைக் கேட்ட பியானோ டீச்சருக்கு அலுத்துப் போனது. ஒரு மனிதருக்கு எத்தனை தடவைதான் சொல்வது?

வயது வந்தவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நேரில் வர வேண்டும். மற்ற நாட்களில், இசைப்பள்ளி கொடுத்த கீபோர்டில் வீட்டிலேயே பயிற்சி செய்து, ஒரு நிமிடம் பதிவு பண்ணி வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். பகலெல்லாம் குழந்தைகளோடு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற டீச்சருக்கு, இந்தப் பன்னிரண்டு பேரின் தப்புகளையும் கேட்க பஸ் பயணம்தான் வாய்த்தது.

பதினோரு பேர் தட்டுத் தடுமாறியாவது முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். பல் டாக்டருக்குக்கூட இடது கை ஒருவழியாகப் படிந்துவிட்டது. மெக்கானிக் மட்டும் தலைகீழ். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓரளவு வேகமாக வாசித்த பாட்டு, திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கி, அங்கேயே கிடந்தது. போன மாத வகுப்புக்கும் ‘வீட்டில் கொஞ்சம் வேலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வராமல் இருந்துவிட்டார்.

“என்ன சார், லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சா?” என்று பல் டாக்டர் குரூப்பில் எழுதியிருந்தார். ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். மெக்கானிக் வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீச்சர் அவரை ஃபோனில் பிடித்தார்.

“சார், அந்தக் காலைக் கொஞ்சம் சும்மா வைங்களேன். தாளத்துக்குத் தட்டுறீங்கன்னா அதுவாவது சரியா விழணும். முதல்ல டொக்குன்னு தட்டு கேக்குது, அப்புறம்தான் விரல் கட்டையில விழுது. காலுக்காகக் கை காத்துக்கிட்டு நிக்குது.”

“சரிங்க டீச்சர்.”

“இந்தச் சரியைத்தான் ரெண்டு மாசமா கேக்குறேன். சீட்டுக்கு ஒன்பது பேர் காத்திருக்காங்க. ஆபீஸ்ல என்னைத்தான் புடிச்சுக் கேக்குறாங்க. சனிக்கிழமை சீக்கிரமா வாங்க. மெட்ரோனோமை எண்பதுல வெச்சுடறேன், அது டக்டக்குன்னு அடிக்கிறதோட சேர்ந்து வாசிக்கணும். முடியலைன்னா சீட்டை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. கீபோர்டையும் திருப்பி வாங்கிடுவாங்க.”

“கீபோர்டையுமா டீச்சர்?”

“ரூல் அப்படித்தான் சார். என் கையில எதுவும் இல்ல.”

சொல்லிவிட்டாரே தவிர, டீச்சருக்கு அன்று முழுவதும் மனசே சரியில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு வந்த மனிதரை வெளியே அனுப்புவது பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்தே டீச்சர் களைத்துப் போயிருந்தார்.

சனிக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பாகவே மெக்கானிக் வந்துவிட்டார். வேலைச் சீருடை, நக இடுக்கில் கிரீஸ், கண்ணுக்குக் கீழே கருவளையம். களைப்பில் அவருக்கும் டீச்சருக்கும் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்வது கஷ்டம்.

டீச்சர் மெட்ரோனோமை எண்பதில் வைத்தார். வருத்தப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார்.

மெக்கானிக் வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பிசிறு இல்லை. கால் இரண்டும் தரையில் ஒட்டியது போல அசையாமல் இருந்தன. டீச்சர் சந்தேகப்பட்டு மெட்ரோனோமைக் குனிந்து பார்த்தார். எண்பதுதான்.

சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது. தலைவலியோடு பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த ஆமை வேக வாசிப்பை இரண்டு மாதமாகக் கேட்டவர் அவர்தானே.

“இவ்வளவு நல்லா வாசிக்கத் தெரியுதுல்ல. அப்புறம் ஏன் சார் தினமும் அப்படி ஒண்ணை அனுப்புறீங்க? என்னைப் பார்த்தா விளையாட்டா இருக்கா?”

“அப்படியெல்லாம் இல்லீங்க டீச்சர்.”

“சரி, சாயங்காலம் வீட்டுலேருந்து இதே வேகத்துல ஒண்ணு அனுப்புங்க. ஆபீஸ்ல போட்டுக் காட்டுறேன். உங்க சீட்டுக்கு ஒரு குறையும் வராது.”

மெக்கானிக் கட்டைகளின் மேல் துணியை இழுத்து மூடினார்.

“வீட்டுல இந்த வேகம் முடியாது டீச்சர். சீட்டை வேணும்னா எடுத்துக்கோங்க. கீபோர்டை மட்டும் இன்னும் ரெண்டு மாசம் எங்கிட்ட விட்டு வைங்க.”

“சீட்டே வேண்டாம்னா, அதை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஸ்ட்ரோக் வந்ததுக்கு அப்புறம் என் மனைவி இந்தப் பாட்டுக்குத்தான் கம்பை ஊணி நடந்து பழகுறா டீச்சர். வேகமா வாசிச்சா விழுந்துடுவா.”