ஒரு டவுட்டுக்கு ஒரு டீ

"மேடம், இன்னொந்து சல!"

போச்சுடா! தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் அந்தக் கல்லூரி வகுப்பில், கடைசி பெஞ்சில் கவின்ராஜ் எழுந்துவிட்டான். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று அவன் கன்னடத்தில் கேட்பது, இந்த ஒரு வகுப்பிலேயே நாலாவது தடவை.

முன் பெஞ்சு இங்கிலீஷ் மீடியம் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பலமாகச் சிரித்தவன் மதன். கவின்ராஜ் அசரவே இல்லை.

"எது புரியலை?" என்றாள் உமாதேவி, சாக்பீஸை மேஜையில் வைத்து.

"ஸ்டாண்டர்டு டீவியேஷன் எதுக்குன்னே புரியலை மேடம். முதல்லேர்ந்து."

முதலிலிருந்தாம்! நாற்பது நிமிஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் வீண். வந்த கோபத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ரெண்டு கேன்டீன் இருக்கு. ரெண்டுலயும் இட்லி சராசரி ஐம்பது கிராம். ஒண்ணுல எல்லா இட்லியும் ஒரே சைஸ். இன்னொண்ணுல ஒண்ணு பூசணிக்காய், ஒண்ணு சுண்டைக்காய். நீ எங்க போய்ச் சாப்பிடுவே?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த வித்தியாசத்தை அளக்கத்தான் இந்தக் கணக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாடம் ஒரு அங்குலம் நகரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் துறைத் தலைவர் இராமச்சந்திரன் அவளுடைய டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். 'பாடம் பின்தங்கியுள்ளது' என்று பச்சை மையில் எழுதிக் கீழே இரண்டு கோடு வேறு. அந்தத் துறையில் பச்சை மையில் எழுதுகிற உரிமை அவர் ஒருத்தருக்குத்தான்.

"ஏம்மா உமா, ரெண்டு வருஷமா தற்காலிக வேலையில இருக்கே. டிசம்பருக்குள்ள போர்ஷனை முடிக்கலைன்னா, உன்னை நிரந்தரம் பண்ணுங்கன்னு பிரின்சிபால்கிட்ட நான் எந்த முகத்தோட கேக்கறது?"

"ஒரு பையன் சார், விடாம டவுட் கேக்கறான்."

"அந்த மக்கை வெளிய அனுப்பு. என் கிளாஸ்ல இருபது வருஷமா ஒருத்தன் ஒரு டவுட் கேட்டதில்லை, தெரியுமா?"

பெருமையாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் டெஸ்ட் பேப்பர் திருத்தினாள். கவின்ராஜுக்கு இருபத்தைந்துக்கு இருபத்து நாலு! காப்பியடித்தானோ? யாரைப் பார்த்து அடிப்பான்? வகுப்பிலேயே அதுதான் அதிக மார்க்.

கூப்பிட்டு அனுப்பினாள்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் தினம் எழுந்து நிக்கறியா? உன்னால என் வேலையே போகப் போகுதுடா. என்னைப் பார்த்தா கேலியா இருக்கா?"

"ஐயோ, இல்லீங்க மேடம்!"

சட்டைப் பையிலிருந்து கை நிறையச் சீட்டுகளை அள்ளி மேஜையில் கொட்டினான். 'சிக்மா எதற்கு?' 'மீடியன் என்றால் என்ன?' ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து.

"பாதிப் பேரு கிராமத்துல கன்னட மீடியம் படிச்சுட்டு வந்தவங்க மேடம். எந்திரிச்சுக் கேட்டா முன் பெஞ்சு சிரிக்குதுங்க. அதனால சீட்டுல எழுதி எங்கிட்டத் தள்ளிருவாங்க."

"உனக்கு மட்டும் வெக்கமா இருக்காதா?"

"ராமாபுரம் சந்தையில எங்கப்பாகூட நின்னு தக்காளி கூவி வித்தவனுங்க நானு. வெக்கத்தையும் அங்கியே வித்தாச்சுங்க." கொஞ்சம் நெளிந்தான். "ஆனா சும்மா இல்லீங்க மேடம். ஒரு டவுட்டுக்கு ஒரு டீ."

உமாதேவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீட்டுகளைப் புரட்டினாள். நடுவே ஒன்று, அழகான இங்கிலீஷில். அந்தக் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். மதனுடையது!

சனிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. 'மாணவர்களைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி?' பெங்களூரிலிருந்து வந்த நிபுணர் புரொஜெக்டரில் ஷீட் மேல் ஷீட்டாக மாற்றி, வாயில் நுழையாத இங்கிலீஷில் மூன்று மணி நேரம் பேசினார். நாற்பது ஆசிரியர்களும் தலையாட்டினார்கள்.

விளக்கைப் போட்டதும் பிரின்சிபால் எழுந்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாரும் இந்த முறையிலதான் நடத்தணும். நானே கிளாஸுக்கு வந்து பார்ப்பேன்."

"எனி டவுட்ஸ்?" என்றார் நிபுணர்.

அவசர அவசரமாக நோட்டுகளை மூடினார்கள் எல்லோரும்.

உமாதேவிக்கு ஒரு மண்ணும் புரிந்திருக்கவில்லை. கேட்டால் மக்கு என்று பிரின்சிபால் முடிவு கட்டிவிடுவார். வேலைக்கு அன்றோடு முழுக்கு. கேட்காவிட்டால் திங்கட்கிழமை என்னத்தை நடத்துவது?

ராமாபுரத்துத் தக்காளி ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டாள்.

"சார், இன்னொந்து சல. முதல்லேர்ந்து."

ஹால் கொல்லென்று சிரித்தது. பலமாகச் சிரித்தவர் பின்வரிசை இராமச்சந்திரன். பிரின்சிபால் கண்ணாடியை இறக்கி அவளையே பார்த்தார். அவள் கை பின்னால் நாற்காலியைத் தேடியது. உட்கார்ந்துவிடலாமா?

முதுகில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து கை மாறி வந்த ஒரு சீட்டு, நாலாக மடித்தது.

பிரித்தாள். பச்சை மை.

'உட்கார்ந்துடாதேம்மா. எனக்கு மூணாவது ஷீட்டிலிருந்தே புரியலை, அதையும் கேட்டுடு. காபி நான் வாங்கித் தரேன்.'