தனியாகத் தின்னாத நாய்

"பால்ல நனைக்கணும். நல்லா மெத்துன்னு உள்ளதாக் குடுங்க" என்றாள் தங்கபுஷ்பம், பன்னை விரலால் அழுத்திப் பார்த்தபடி.

மந்தைவெளி மார்க்கெட்டுக்கு எதிர்ச் சந்தில் கபாலியின் டீக்கடை. காலை ஏழு மணி. அவள் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் செங்கல் நிறத்தில் ஒரு நாய்.

நாய் அவளுடையதல்ல. நேற்று மத்தியானம் பக்கத்துக் குடித்தனத்து ஹாஜிரா பீ கொண்டுவந்து விட்டது.

நேற்று நல்ல வெயில். மற்ற எட்டுக் குடித்தனக்காரர்களும் கட்டில்களை முற்றத்தில் இழுத்துப் போட்டு, சட்டங்களின் இடுக்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பொத்துப் பொத்தென்று மூட்டைப்பூச்சிகள் விழுந்துகொண்டிருந்தன.

கடைவீதியிலிருந்து திரும்பிய தங்கபுஷ்பம், தலையைக் குனிந்துகொண்டு கட்டில்களுக்கு நடுவே நடந்தாள்.

ஹாஜிரா பீ வழியை மறித்தாள். "இன்னா பாட்டிலு அது?"

"மூட்டப்பூச்சி மருந்துக்கா. ராத்திரி தூங்க விட மாட்டேங்கு."

ஹாஜிரா பீ அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "எங்க வூட்ல பூச்சி ஒன்க்கு மேல கீது. இத்த நான் எடுத்துக்கறேன்."

கேட்டுவிட்டுப் பிடுங்கினாளா, பிடுங்கிவிட்டுக் கேட்டாளா என்று சொல்வதற்கில்லை.

அரை மணியில் நாயோடு வந்து நின்றாள்.

பெருங்குடித் தென்னந்தோப்பில் காவலிருக்கும் தம்பி ஷரஃபுதீனுடைய நாயாம். தம்பி வேலூருக்குப் போயிருக்கிறானாம். தொழுகை நடக்கிற வீட்டுக்குள் நாயை வைத்துக்கொள்ள முடியாது, நாலு நாளைக்குப் பார்த்துக்கொள் என்றாள்.

முடியாது என்று சொல்லக்கூடத் தங்கபுஷ்பத்துக்குத் தெம்பில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் பொல்லாத நாயாம் அது. காலையில் பாலில் நனைத்த பன். பகலில் குழைய வடித்த சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி. சாயங்காலம் கேழ்வரகுக் கூழ். எல்லாம் அப்போதே ஆக்கியதாக இருக்க வேண்டும். ஆறியதை மோந்துகூடப் பார்க்காது.

"அப்றம் ஒண்ணு. தனியா துன்னாது. பக்கத்துல குந்திக்கினு நீயும் துன்னணும். அப்பத்தான் வாய வெக்கும்."

புருஷன் கனகராஜ் போய் ஏழு வாரம் ஆகிறது. தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவன், மஞ்சள்காமாலை வந்து ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு தங்கபுஷ்பம் ஸ்டவ்வைப் பற்றவைத்ததே அபூர்வம்.

நேற்றுச் சாயங்காலம் நாய்க்காகப் பற்றவைத்தாள். கூழ் காய்ச்சி, சொன்னபடியே முதலில் தனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் நாயின் தட்டை நகர்த்தினாள். அது நக்கி முடிக்கும்வரை அவளும் குடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இரவு அது அவள் காலடியில் படுத்துக் குறட்டை விட்டது.

பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கபாலி மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"இதுக்கா பாலு, பன்னு? நம்ப கட பெஞ்சுக்கடியில கெடக்கற நாயிம்மா இது. பஜ்ஜி மடிச்ச காயிதத்தக்கூட வுடாது. நேத்து அந்த ஹாஜிராம்மா ஓடியாந்து, கயிறு போட்டு இஸ்துக்கினு போச்சு. கைய நக்கிட்சின்னு அந்தப் பைப்புல எத்தினி தபா கழுவிச்சு தெரியுமா!"

தங்கபுஷ்பம் காகிதப் பொட்டலத்தை வாங்காமல் நின்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொழுந்தன்மார் கட்டில், மெத்தை, பீரோ, நாற்காலி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லாரி கிளம்புகிறவரை ஹாஜிரா பீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த அறையில் சிமெண்ட் தரையும் ஒரு பாயும்தான்.

மூட்டைப்பூச்சி அண்ட அங்கே ஒரு கட்டில்கூட இல்லை.

அந்த மருந்து யாருக்கு என்று பார்த்த மாத்திரத்தில் ஹாஜிரா பீக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாயைத் தொடாதவள், நாயைத் தேடி ஓடியிருக்கிறாள்.

"இன்னொரு பன்னும் குடுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

ஹாஜிரா பீ குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நாயைக் கண்டதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னா, துன்னுதா?"

"தின்னுதுக்கா. கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுது."

ஹாஜிரா பீ தலையாட்டிக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு என்னக்கா? சொல்லவே இல்லியே."

அரிசிக்குள் துழாவிய கை நின்றது. எந்த வேளைக்கு எது தின்னும் என்று மூச்சு விடாமல் சொன்னவள், நாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேரா... அது... நீயே எதுனா ஒண்ணு வெச்சிக் கூப்டேன். வந்துடும்."

தங்கபுஷ்பம் குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள்.

"யோசிச்சு வைக்கேன்க்கா. அவசரம் ஒண்ணுமில்லல்லா."